எட்டு வருஷம் கழிச்சு ஷட்டில்: ஆடறதே உடற்பயிற்சி இல்லையா?

கேள்வி, 3 ஜனவரி 2025

வணக்கம்ணா. வயசு 38, எடை 84 கிலோ. காலேஜ் டீம்ல ஆடினவன். கல்யாணம், குழந்தை, ஷிஃப்ட் வேலைன்னு எட்டு வருஷமா ராக்கெட்டைத் தொடல. இப்ப வீட்டுப் பக்கத்துலயே இண்டோர் கோர்ட் வந்திருக்கு, காலைல ஆறு மணி ஸ்லாட் பிடிச்சாச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன் "மொதல்ல ஒரு மாசம் ஜிம்முக்குப் போ, அப்புறம் ஆடு"ங்கறான். ஆடறதே உடற்பயிற்சி தானுங்களே, அதுக்குத் தனியா ஒரு உடற்பயிற்சியா? திரும்பி வந்த அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பதில், 3 ஜனவரி, இரவு

உங்க நண்பர் பாதி சரி. ஜிம்முக்குப் போயே ஆகணும்னு இல்ல. ஆனா ஆட்டம் மட்டும் போதும்ங்கறது உங்களுக்கு ஆகாது தம்பி. புதுசா ராக்கெட் பிடிக்கறவனுக்கு ஷட்டில் எங்க விழும்னே தெரியாது. விழுந்தப்புறம்தான் பார்ப்பான், அதனால பாயவே மாட்டான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது. காலேஜ் டீம்ல ஆடினவர் நீங்க. எதிராளி மணிக்கட்டு திரும்பறப்பவே நெட்டை ஒட்டி விழற டிராப் வருதுன்னு உங்க மூளை கண்டுபிடிச்சிடும். கால் 22 வயசு நெனப்புலயே பாயும். ஆபத்து அங்கதான்.

நானும் ரொம்ப வருஷம் விட்டுட்டுத் திரும்பினவன். இப்ப 47. விவரமா அப்புறம் எழுதறேன்.

5 ஜனவரி

திரும்பி வர்றப்ப உடம்பு மொத்தமும் ஒரே வேகத்துல வராது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

மூச்சு முதல்ல வரும். உடற்பயிற்சியை நிறுத்தின ஓரிரு வாரத்துலயே ரத்தத்துல பிளாஸ்மாங்கற நீர்ப்பகுதி குறைஞ்சிடும், இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் தள்ற ரத்தமும் குறையும். மறுபடி ஆரம்பிச்சா அதே பிளாஸ்மா சில நாள்லயே ஏற ஆரம்பிக்கும். முதல் வாரம் நாக்குத் தள்ளினவன் மூணாவது வாரம் "அட, பரவால்லியே"ங்கறது இதனாலதான்.

அடுத்தது தசை. முன்னாடி வளர்ந்த தசை திரும்ப வளர்றது புதுசா வளர்றதை விட சுலபம். 2010ல ஓஸ்லோ பல்கலைக்கழகத்துல எலிகளை வெச்சுப் பார்த்தாங்க. தசை பெருத்தப்ப சேர்ந்த உட்கருக்கள், தசை சுருங்கின பிறகும் காணாமப் போகல. மனுஷனுக்கும் அப்படியேவான்னு இன்னும் வாதம் ஓடுது. ஆனா பழைய ஆட்டக்காரங்க யாரைக் கேட்டாலும் "சீக்கிரம் வந்துடுச்சு"ன்னுதான் சொல்வாங்க.

கடைசியா வர்றது தசைநாண். முக்கியமா கெண்டைக்கால் சதையைக் குதிகாலோட கட்டி வெச்சிருக்கற அகிலிஸ். 2013ல டென்மார்க்காரங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1950, 60கள்ல அணுகுண்டு சோதனைகளால காத்துல கார்பன்-14ங்கற கதிரியக்க கார்பன் எகிறிச்சு இல்லையா, அந்த அளவை வெச்சு அகிலிஸோட நடுப்பகுதி எந்த வருஷம் உருவானதுன்னு கணக்குப் போட்டாங்க. 17 வயசு வாக்குல கட்டி முடிஞ்சது, அதுக்கப்புறம் அந்த நடுப்பகுதி அனேகமா புதுசாகறதே இல்லன்னு வந்துச்சு. 84 கிலோவையும் தாங்கப் போறது பிளஸ் டூ படிக்கறப்ப முறுக்கின கயிறு.

தசைநாணுக்கும் பலம் கூடும். ஆனா பாரம் கொடுத்துக் கொடுத்து மெதுவாத்தான் கூடும், மூணு மாசக் கணக்கு வெச்சுக்கங்க. மூச்சும் தசையும் ரெடி, நாண் ரெடியில்லங்கற அந்த இடைப்பட்ட காலம்தான் மோசம். முதல் நாள்ல யாரும் அடிபடறதில்ல, முதல் நாள் பயம் இருக்கும். நாலாவது, அஞ்சாவது வாரம் பழைய ஸ்மாஷ் ஒண்ணு கரெக்டா விழும் பாருங்க, அன்னிக்குக் கவனமா இருங்க.

6 ஜனவரி

"ஆரம்பிக்கறவனை இப்படிப் பயமுறுத்தினா அவன் சோபாலயே உக்காந்துடுவான்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயம். சோபா எவ்வளவு மோசம்னும் சொல்லிடறேன்.

1966ல அமெரிக்காவுல டல்லஸ்ல 20 வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் கட்டில்ல படுக்க வெச்சாங்க. எழுந்திரிக்கவே கூடாது. அவங்க உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தற உச்சத் திறன் கால்வாசிக்கும் மேல விழுந்துடுச்சு. முப்பது வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரைத் தேடிப் பிடிச்சு மறுபடி அளந்தாங்க. ஐம்பது வயசுல, தொப்பையோட வந்தாங்க. அந்த மூணு வாரப் படுக்கை பண்ணின சேதம், முப்பது வருஷ வயசு பண்ணின சேதத்தை விட அதிகமா இருந்துச்சு. அப்புறம் ஆறு மாசம் நடை, ஓட்டம், சைக்கிள்னு மெதுவா ஏத்தினாங்க. முப்பது வருஷத்துல இழந்த ஆக்சிஜன் திறன் முழுசா திரும்பிடுச்சு.

அதனால 38ங்கறது ஒரு வயசே இல்ல. ஆனா ஆறு மாசம்ங்கறதையும் மெதுவாங்கறதையும் கவனிங்க.

11 ஜனவரி

நேத்து நடந்ததை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். இங்க பேசறதுக்கு நேரடியா பொருந்தறதால எழுதறேன்.

நாங்க ஆடற இடத்துல பக்கத்துக் கோர்ட்ல டபுள்ஸ். நாப்பதுகள்ல ஒருத்தர், தீபாவளிக்கு அப்புறம்தான் திரும்ப வர ஆரம்பிச்சவர், ஜோரா ஆடிட்டிருந்தார். பின்னாடி போய், உசரமாத் தூக்கி அடிச்ச ஒரு கிளியரை எடுத்துட்டு முன்னாடி பாயறப்ப "டப்"புன்னு ஒரு சத்தம், எங்க கோர்ட் வரைக்கும் கேட்டுச்சு. ஷட்டில் ராக்கெட் ஃபிரேம்ல பட்டுதுன்னு நெனச்சேன். அவர் பின்னாடி திரும்பி "எவன்டா உதைச்சான்?"னு கத்தறார். பின்னாடி யாருமே இல்ல. பார்ட்னர் நெட்டுக்கிட்ட நிக்கறான்.

அகிலிஸ் அறுந்தா அப்படித்தான் இருக்கும். பின்னாலிருந்து யாரோ உதைச்ச மாதிரின்னு அறுந்தவங்க ஊர் ஊரா ஒரே வார்த்தையைச் சொல்வாங்க. விவகாரம் என்னன்னா, கொஞ்ச நேரத்துல வலி குறைஞ்சிடும், நொண்டி நொண்டி நடக்கவும் முடியும். வேற தசைகள் பாதத்தைக் கொஞ்சம் அசைக்கும். அதனால "சுளுக்குதான்"னு சொல்லி ஸ்ப்ரே அடிச்சு வீட்டுக்கு அனுப்பிடறாங்க. சில சமயம் டாக்டர்களே அப்படி அனுப்பறதுண்டு.

என் கொழுந்தியா பிசியோதெரபிஸ்ட். அவ சொல்லிக் கொடுத்தது: ஆளைக் குப்புறப் படுக்க வெச்சு, பாதம் கட்டிலுக்கு வெளிய தொங்கற மாதிரி விட்டு, கெண்டைக்கால் சதையை அமுக்கிப் பாருங்க. நல்ல காலா இருந்தா பாதம் கீழ்ப்பக்கமா அசையும். அறுந்திருந்தா அசையாது. ரெண்டு காலையும் அமுக்கி ஒப்பிட்டா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். நேத்து கோர்ட்லயே செஞ்சோம். அசையல. நேரா எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க.

12 ஜனவரி

அவர் வார்ம்-அப் பண்ணினாரான்னு கேட்டிருக்கீங்க. யாரு பண்றா? கோர்ட்டுக்கு மணிக்கணக்குல வாடகை. ஆறு மணி ஸ்லாட்டுன்னா 5:58க்கு வண்டியை நிறுத்தி 6:01க்கு ஸ்மாஷ். பத்து நிமிஷம் குதிச்சுக் கை காலை அசைச்சா காசு வீணாம். கோர்ட்டுக்கு வெளிய பண்ணலாமேன்னா அங்க பார்க்கிங்.

இதை விட மோசம், ஒரு கோர்ட்டுக்கு ஆறேழு பேர் சேர்றது. ஒரு கேம் ஆடி வேர்த்து, அடுத்த கேமுக்கு இருபது நிமிஷம் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ரீல்ஸ் பார்த்து, உடம்பு ஆறினதும் எழுந்து மறுபடி பாய்ச்சல். வெளிய உக்காரற நேரத்துல சும்மா நடந்துட்டாவது இருங்க, கெண்டைக்கால் சூடு குறையாம.

17 ஜனவரி

இன்னொண்ணு. உங்க வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்க.

சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின், ஓஃப்ளோக்சசின். நம்ம ஊர்ல வயித்துப்போக்குன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டாலே கொடுத்துடற சங்கதி. இந்த வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தசைநாணைப் பலவீனமாக்கி அறுத்து விடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லயே மருந்தோட வர்ற தகவல் சீட்டுல கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு. அதிகமா மாட்டறது அகிலிஸ்தான். அறுபது தாண்டினவங்க, கூடவே ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மாத்திரை சாப்பிட்டு முடிச்ச பல வாரம் கழிச்சுக் கூட வரலாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்தா சாப்பிடாதீங்கன்னு சொல்லல. "நான் ஷட்டில் ஆடறவன்"னு அவர்கிட்ட சொல்லுங்க. வேற மாத்திரை பொருந்துதான்னு அவர் பார்ப்பார்.

19 ஜனவரி

"சரி, என்னதான் பண்ணணும்?" கேள்வி கேட்டவரே இப்ப நேரா கேட்டிருக்கார். எழுதறேன்.

முதல்ல குதிகாலைத் தூக்கி இறக்கறது. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கால்லயும் முன்னங்காலால எழும்பி, மெதுவா இறங்குங்க. இறங்கறதுக்கு மூணு வினாடி எடுத்துக்கங்க, பொத்துன்னு விழக் கூடாது. சுலபமானதும் ரெண்டு கால்ல ஏறி ஒரு கால்ல இறங்குங்க. அப்புறம் முழுக்க ஒத்தைக் கால். முட்டியை நீட்டி வெச்சு ஒரு சுத்து, கொஞ்சம் மடக்கி ஒரு சுத்து, ஏன்னா கெண்டைக்கால்ல ரெண்டு தசை இருக்கு, மடக்கினாத்தான் உள்ள இருக்கறதுக்கு வேலை. ஒத்தைக் கால்ல இருபதுக்கு மேல நிதானமா வராத வரைக்கும் சிங்கிள்ஸ் பக்கம் போகாதீங்க. இது நான் எனக்குப் போட்டுக்கிட்ட கணக்கு, கொழுந்தியாவும் சரின்னா.

இதுக்குப் பின்னாடி ஒரு வேடிக்கை இருக்கு. ஸ்வீடன்ல ஹோகன் ஆல்ஃப்ரெட்சன்னு ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே அகிலிஸ் வலி. ஆபரேஷன் பண்ணுங்கன்னு மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துட்டார். வலியை மோசமாக்கினா ஆபரேஷன் பண்ணித்தானே ஆகணும்னு வலிக்க வலிக்கக் குதிகாலைத் தொங்கவிட்டு இறக்கி இறக்கிப் பார்த்தார். வலி போயிடுச்சு! அவரே பேட்டிகள்ல சொன்ன கதை. 1998ல அதையே ஒழுங்கா ஆய்வு பண்ணி வெளியிட்டார்: 15 தடவை, மூணு சுத்து, தினம் ரெண்டு வேளை, 12 வாரம். உலகம் முழுக்க இன்னிக்கும் அதுதான் அடிப்படை. அது வலி வந்தவங்களுக்கான அளவு. வலி இல்லாதவங்க வாரத்துல மூணு நாள் பண்ணினாப் போதும்.

ஆட்டம் வாரத்துக்கு ரெண்டு நாள், நடுவுல குறைஞ்சது ரெண்டு நாள் இடைவெளி. டபுள்ஸ் மட்டும். முதல் மாசம் பாதிக் கோர்ட் ராலி ஆடினாலே நல்லா வேர்க்கும். மத்த நாள்ல நடங்க. நம்ம கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர், அது போதும். நடந்து முடிச்சுட்டு அங்கயே சூடா பஜ்ஜி சாப்பிடறதைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நானும் அந்த வரிசைலதான் நிப்பேன்.

20 ஜனவரி

காலணி. ஓடற ஷூவைப் போட்டு ஷட்டில் ஆடாதீங்க. குதிகால் பக்கம் உசரமா மெத்துமெத்துன்னு இருக்கும், பக்கவாட்டுல பாயறப்ப கணுக்கால் மடங்கிடும். அடிப்பாகம் தட்டையான, கம் சோல் (பிடிமானமான ரப்பர் அடி) வெச்ச, தரைல தடம் விழாத நான்-மார்க்கிங் ஷூ வாங்குங்க.

தரையையும் பாருங்க. அபார்ட்மெண்ட் சிமெண்ட் தரைல கோடு கிழிச்சு ஆடறதை விட மரத்தளத்து மேல மேட் போட்ட இடம் ஆயிரம் மடங்கு மேல். ஸ்கூல்ல நாங்க ஆடினது பால் பேட்மிண்டன். தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம், மஞ்சக் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு அஞ்சு பேர், செம்மண் தரை. வெறுங்கால்ல ஆடினோம். அந்தத் தரை வேற, அந்த எடை வேற. அதை நெனச்சுக்கிட்டு இப்ப சிமெண்ட்ல இறங்கற ஆளுங்களைப் பார்த்தா வயித்தக் கலக்குது.

25 ஜனவரி

"மறுநாள் வலிக்கறது லாக்டிக் அமிலம், எலுமிச்சை ஜூஸ் குடிச்சா கரைஞ்சிடும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஜூஸ் குடிங்க, நல்லது. ஆனா லாக்டிக் அமிலம் ஆடி முடிச்ச ஒரு மணி நேரம் வாக்குலயே ரத்தத்தை விட்டுப் போயிடும். ரெண்டாம் நாள் படி இறங்க முடியாம வர்ற வலி, தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கறப்ப உள்ள உண்டாகற நுண்ணிய சேதம். 24லிருந்து 72 மணி நேரத்துல உச்சிக்குப் போய் இறங்கும். அதே வேலையை அடுத்த வாரம் பண்ணினா பாதி கூட வலிக்காது. முதல் தடவை கம்மியாப் பண்ணுங்கன்னு சொல்றதுக்குக் காரணமே அதான், கொஞ்சம் பண்ணினாலே உடம்பு கத்துக்கும்.

ஆனா ஜனவரி மாசம்ங்கறதால இதையும் சொல்லணும். புத்தாண்டு சபதம் எடுத்து, பல வருஷம் கழிச்சு ஒரே நாள்ல நூத்துக்கணக்குல பஸ்கி, தண்டால்னு எடுத்து, தொடை வீங்கி, மூத்திரம் கோலா நிறத்துல போனா அது சாதாரண வலி இல்ல. தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்குது. காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி.

2 பிப்ரவரி

இதயத்தைப் பத்தி ஏன் பேசலன்னு ரெண்டு பேர். வேணும்னேதான் தள்ளிப் போட்டேன், ஏன்னா அந்தப் பேச்சு எடுத்தாலே இங்க வாட்ஸ்அப் ஃபார்வர்டா குவியும்.

ஒரே ஒரு ஆய்வு. 1993, அமெரிக்கா. மாரடைப்பு வந்தவங்ககிட்ட, வர்றதுக்கு முந்தின ஒரு மணி நேரம் என்ன பண்ணினீங்கன்னு கேட்டுக் கணக்குப் போட்டாங்க. வாரத்துக்கு ஒரு தடவை கூடக் கடும் உழைப்பு இல்லாதவங்களுக்கு, திடீர்னு கடுமையா உழைக்கற அந்த ஒரு மணி நேர ஆபத்து சும்மா இருக்கறப்ப இருக்கறதை விட 107 மடங்கு. வாரத்துக்கு அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ உழைக்கறவங்களுக்கு 2.4 மடங்குதான். 107னு பார்த்து அலறாதீங்க. எந்த ஒரு மணி நேரத்தை எடுத்தாலும் மாரடைப்பு வர்ற வாய்ப்பு துளிதான், துளியோட 107 மடங்கும் சின்னதுதான். நான் பார்க்கறது அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து சிங்கிள்ஸ் ஆடிட்டுப் போறவர் 107 பக்கமே நிக்கறார்.

சுகர், பிபி, அப்பாவுக்குச் சின்ன வயசுல மாரடைப்பு, இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பார்த்துட்டு இறங்குங்க. மெட்டோபிரோலால் மாதிரி பிபி மாத்திரை சாப்பிடறவங்க வாட்ச்ல நாடித் துடிப்பைப் பார்த்து ஏமாறாதீங்க, அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. பேசிப் பார்த்தாப் போதும். முழு வாக்கியம் பேச முடிஞ்சா சரியான அளவு, ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சுன்னா அதிகம். கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரை சாப்பிடறவங்க வெறும் வயித்துல ஆறு மணி ஸ்லாட் போகாதீங்க, சுகர் சடார்னு இறங்கும். பையில மிட்டாய் வெச்சுக்கங்க.

9 பிப்ரவரி

ஒரு அம்மிணி கேட்டிருக்காங்க: குழந்தை பொறந்து நாலு மாசம், ஸ்மாஷுக்குக் குதிக்கறப்ப சிறுநீர் கசியுது, எல்லாருக்கும் இப்படித்தானா, பழகிப் போயிடுமான்னு.

கொழுந்தியாகிட்ட கேட்டேன். நிறைய பேருக்கு வரும், ஆனா பழகிக்க வேண்டிய விஷயம் இல்லைன்னா. இடுப்புத் தளத் தசைக்குன்னு பயிற்சி இருக்கு, அதுக்குன்னே பிசியோதெரபிஸ்ட்டும் இருக்காங்க. பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2019ல எழுதின வழிகாட்டில, பிரசவத்துக்கப்புறம் ஓட ஆரம்பிக்கறதே சீக்கிரம்னா மூணு மாசம், கசிவோ கீழ்ப்பக்கம் பாரமோ இருந்தா அதைச் சரி பண்ணிட்டு அப்புறம்னு இருக்கு. குதிக்கறதை இப்போதைக்கு நிறுத்துங்க, நடங்க. வெட்கப்படாம கேட்டதுக்குச் சந்தோஷம்மா. இன்னும் பத்துப் பேர் படிச்சிருப்பாங்க.

16 பிப்ரவரி

ஸ்பெயின் ஷட்டில் வீராங்கனை கரோலினா மரினை உதாரணம் காட்டி, "2019ல முட்டித் தசைநார் அறுந்து எட்டே மாசத்துல சைனா ஓப்பன் ஜெயிச்சாங்க, நீங்க மூணு மாசம் குதிகாலைத் தூக்கச் சொல்றீங்க"ன்னு ஒரு கிண்டல். அந்த எட்டு மாசமும் அவங்களுக்கு வேற வேலையே கிடையாது, சுத்தி ஒரு படையே இருந்துச்சு. அப்படி இருந்தும் 2021ல இன்னொரு முட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதில ஜெயிச்சுக்கிட்டு இருக்கறப்பவே மறுபடி வலது முட்டி போய் உக்காந்து அழுதாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும், அன்னிக்கு டிவியை நிறுத்திட்டேன். நம்ம ஆபீஸ் எட்டரை மணிக்கு பாஸ்.

23 மார்ச்

ஜிம் வேண்டாம்னு முதல் நாள் எழுதினதுல இப்ப கொஞ்சம் மனசு மாறியிருக்கு. வீட்டுலயே குதிகால் தூக்கறேன்னு சொன்ன நாலஞ்சு பேர்ல ஒழுங்கா பண்ணினது ஒருத்தர்தான். ஜிம்முக்குக் காசு கட்டினவங்க காசுக்காகவாவது போறாங்க. செவுரு காசு கேக்கறதில்ல, அதான் பிரச்சினை. தன்னைப் பத்தித் தெரிஞ்சவங்க அவங்கவங்க முடிவு பண்ணிக்கங்க. நான் பல் தேய்க்கறப்பவே ஒத்தைக் கால்ல நின்னு முடிச்சுடறேன். வீட்டுல சிரிக்கறாங்க.

பக்கத்துக் கோர்ட்காரருக்கு ஆபரேஷன் ஆச்சு. குதிகால் உயர்த்தின பூட்டைக் கழட்டிட்டார், இப்ப ஷூவுல நடக்கறார். ஆடறதுக்கு வருஷம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. தினம் சாயந்திரம் வந்து ஸ்கோர் சொல்றார், அதுவும் தப்புத் தப்பா.

20 ஏப்ரல்

தம்பி, உங்க பதிவு பார்த்தேன். ஒத்தைக் கால்ல 25 வருதுன்னா இனி வாரத்துக்கு ஒரு நாள் சிங்கிள்ஸ் ஆடலாம், ஒரே ஒரு கேம், 21 பாயிண்ட்டோட வெளிய வந்துடுங்க. மறுநாள் காலைல கட்டில்லருந்து இறங்கறப்ப குதிகாலுக்கு மேல விறைப்பா இருந்தா அந்த வாரம் டபுள்ஸோட நிறுத்திக்கங்க.

கட்டிங், அதாவது ராக்கெட் நரம்பை எவ்வளவு டென்ஷன்ல இறுக்கிக் கட்டறதுன்னு கேட்டீங்க. காலேஜ்ல 28 பவுண்ட் போட்டேன், இப்பவும் அதேதான் போடணுமாங்கறீங்க. வேண்டாம். 22லிருந்து 24க்குள்ள போடுங்க. டென்ஷன் ஏற ஏற நடுவுல சரியா படற இடம் சுருங்கும், விசையையும் நீங்கதான் கொடுக்கணும். தோள்பட்டை இன்னும் பழைய மாதிரி இல்லாதப்ப 28 போட்டா ஷட்டில் பின்கோட்டுக்குப் போகாது, போகலன்னு இன்னும் ஓங்கி அடிப்பீங்க, அடுத்த கேள்வி முழங்கை வலியைப் பத்தி வரும். அதுக்கு வேற ஆளைப் பாருங்க, எனக்கு முழங்கை நல்லா இருக்கு.